தேயிலை ஸ்டோரில் பொருத்தும் மின்சுற்றுப் பலகையின் தடங்களில் எவ்வளவு குறுக்கீடு ஏறும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை (மலையக வழக்கில் ஸ்டோர்) ஒன்றில் கொழுந்து வாட்டும் மேல்தளத்துக்காக வெப்பநிலை அளக்கும் பலகை ஒன்றைச் செய்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழுக்கும் துணியில்லாத உலர்குமிழுக்கும் ஒவ்வொரு தேர்மிஸ்டர் (வெப்பநிலைக்கேற்பத் தடை மாறும் உணரி), அவற்றை வாசிக்கும் சிறிய நுண்கட்டுப்படுத்தி, தரவைக் கைப்பேசி வலையமைப்பால் அனுப்பும் ஜி.எஸ்.எம். மோடம் ஆகியவை அந்தப் பலகையில் உள்ளன. ஹட்டன் நகரில், கைப்பேசிக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் வீட்டில் ஒரு வாரம் ஒழுங்காக வேலை செய்த பலகை, ஸ்டோரில் பொருத்தியதும் மின்விசிறிகள் ஓடும்போதும் மோடம் தரவு அனுப்பும்போதும் பல பாகை தாவுகிறது. பலகையை வரையும்போதே எந்தத் தடத்தில் எவ்வளவு குறுக்கீடு ஏறும் என்று கணக்கிட வழி உண்டா, அல்லது செய்து பார்த்துத்தான் திருத்த வேண்டுமா என்பதே அவருடைய கேள்வி. பலகையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

கணக்கிடலாம், தம்பி. ஆனால் "இந்தத் தடத்தில் இத்தனை மில்லிவோல்ற்" என்று துல்லியமான ஓர் எண்ணைத் தேடினால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். "இந்தப் பாதையால் இதற்கு மேல் ஏற முடியாது" என்ற உச்ச எல்லையைத் தேடினால், ஒரு தாளும் பேனாவும் ஒரு மாலை நேரமும் போதும். குறுக்கீடு வந்து சேரும் பாதைகள் எண்ணிக்கையில் சில தான். ஒவ்வொன்றுக்கும் எளிமையான ஒரு பெருக்கல் இருக்கிறது. அவற்றைப் போட்டுப் பார்த்தால் எந்தப் பாதை மற்றவற்றைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு பெரியது என்பது தெரிந்துவிடும். வடிவமைப்பவருக்குத் தேவையானது அந்த வரிசைதான். பத்தாவது இடத்திலுள்ள பாதையை அடைக்கச் செலவழித்த உழைப்பு முதலாவது பாதை திறந்திருக்கும்வரை பயன் தருவதில்லை.

கணக்கைத் தொடங்குமுன் ஓர் அளவுகோல் வேண்டும். நீங்கள் பாவித்திருப்பது 25 பாகையில் 10 கிலோஓம் உள்ள வழமையான தேர்மிஸ்டர். அதை 10 கிலோஓம் தடையியோடு தொடராக இணைத்து 3.3 வோல்ற்றில் பிரித்திருக்கிறீர்கள். அந்த வகைத் தேர்மிஸ்டரின் தடை பாகைக்கு ஏறத்தாழ 4.4 சதவீதம் மாறும். ஆகவே நடுப்புள்ளியின் மின்னழுத்தம் பாகைக்குச் சுமார் 36 மில்லிவோல்ற் மாறும். கொழுந்து வாட்டுவதில் ஈரக்குமிழுக்கும் உலர்குமிழுக்கும் இடையிலான வேறுபாடே முக்கியம் என்பதால் 0.2 பாகைக்கு மேல் பிழை வரக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நமக்குப் பொறுக்கக்கூடிய குறுக்கீடு 7 மில்லிவோல்ற். இனி வரும் ஒவ்வொரு எண்ணையும் இந்த 7 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது புலமே இல்லாத ஒரு பாதை: இரண்டு சுற்றுகள் பகிர்ந்துகொள்ளும் கிரவுண்ட் தடம், அதாவது மின்னோட்டம் மின்வழங்கலுக்குத் திரும்பும் பொதுப் பாதை. பலரும் இதைத் தாண்டிக்கொண்டு நேராக அலைகளைத் தேடிப் போகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 35 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள செம்பில் 0.25 மில்லிமீற்றர் அகலமும் 100 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட தடத்தின் தடை ஏறத்தாழ 0.2 ஓம். ஜி.எஸ்.எம். மோடம் அனுப்பும் கணங்களில் 2 அம்பியர் வரை இழுக்கும். அந்த மின்னோட்டம் உங்கள் தேர்மிஸ்டரின் கிரவுண்ட் தடத்தோடு பகிர்ந்த வழியால் திரும்பினால் 400 மில்லிவோல்ற் எழும். அது 11 பாகை. நீங்கள் அனுப்பிய படத்தில் மோடத்தின் கிரவுண்டும் தேர்மிஸ்டர்களின் கிரவுண்டும் பலகையின் இடது ஓரத்தில் ஒரே மெல்லிய தடத்தால் மின்வழங்கலுக்குத் திரும்புகின்றன. வேறு எதையும் கணக்கிடாமலே இதை முதலில் பிரித்துவிடலாம். இரண்டும் மின்வழங்கலின் கொள்ளளவியிலிருந்தே தனித்தனியாகக் கிளம்ப வேண்டும்.

அடுத்தது மின்புலத்தால் வரும் பிணைப்பு. மின்விசிறி மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஸ்.டி. பெட்டி 400 வோல்ற் மூன்று கட்ட மின்சாரத்தை நேராக்கி 566 வோல்ற் அளவில் வைத்துக்கொண்டு, அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவைகள் திறந்தும் மூடியும் மோட்டருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த 566 வோல்ற் ஏறத்தாழ 100 நனோநொடியில் எழுகிறது, அதாவது மைக்ரோநொடிக்கு 5.6 கிலோவோல்ற். வீட்டு மேசையில் இதற்கு ஈடான எதுவும் உங்கள் பலகையின் அருகில் இருந்ததில்லை. மோட்டர் கேபிளுக்கும் உங்கள் தடத்துக்கும் இடையில் வெறும் 0.1 பிக்கோபரட் கொள்ளளவம் இருந்தால்கூட 0.56 மில்லிஅம்பியர் தடத்துக்குள் பாயும். தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 100 பிக்கோபரட் இருக்குமானால், அந்தக் குறுகிய நேரத்தில் இரண்டும் ஒரு கொள்ளளவப் பிரிப்பியாக நடந்துகொள்ளும். 566 வோல்ற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.57 வோல்ற், தடத்தில் தோன்றும். அளவுகோலில் அது 16 பாகை. அதே தடத்தின் முடிவில், நுண்கட்டுப்படுத்தியின் காலோடு ஒட்டி 10 நனோபரட் கொள்ளளவி ஒன்றை வைத்தால் அது 5.7 மில்லிவோல்ற்றுக்கு இறங்கும். ஒரேயொரு சில்லறைப் பொருள் 16 பாகையை 0.16 பாகையாக்குகிறது, அதை வரையும் மேசையிலேயே கணக்கிட்டு அறியலாம்.

ஆனால் அந்தக் கொள்ளளவி எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். இதை நான் கற்றுக்கொண்டது ஓர் இரவு முழுவதும் வாட்டும் மேல்தளத்தில் நின்ற பிறகுதான். பல வருடங்களுக்கு முன் உயரமான ஒரு தோட்டத்தின் ஸ்டோரில் நான் பொருத்திய கருவி, மின்விசிறி ஓடாதபோது 19 பாகையையும் ஓடும்போது 19க்கும் 40க்கும் இடையில் எதையெதையோ காட்டியது. பலகையைத் தகரப் பெட்டிக்குள் வைத்தேன், மாற்றமில்லை. விடியும் நேரத்தில், உணரியின் கேபிளைக் கையால் பிடித்து மோட்டர் கேபிளிலிருந்து ஒரு சாண் விலக்கியபோது எண் அமைதியானது. விட்டதும் மறுபடி தாவியது. பொருத்தும்போது, ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு கேபிள்களையும் ஒரு மீற்றர் தூரத்துக்குச் சேர்த்து நானே கட்டியிருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். சேர்த்துக் கட்டிய இரண்டு கேபிள்களுக்கிடையில் மீற்றருக்கு 20 பிக்கோபரட் எளிதாக இருக்கும். உணரிக் கேபிளுக்குச் சொந்தமாக 300 பிக்கோபரட் இருந்தால் பிரிப்பியின் விடை 35 வோல்ற். 10 நனோபரட் வைத்தாலும் 1.1 வோல்ற், அதாவது 30 பாகை. பலகையில் எவ்வளவு கவனமாகத் தடம் வரைந்திருந்தாலும் அந்த ஒரு மீற்றர் கட்டு அதை வென்றுவிடும்.

வி.எஸ்.டி.யின் அழுத்தம் மேலேறும்போது வரும் துடிப்பும் கீழிறங்கும்போது வரும் துடிப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும், ஆகவே நிரலில் சராசரி எடுத்தால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். துடிப்பு சிறிதாக இருக்கும்வரை அது உண்மை. பெரிதானால் நுண்கட்டுப்படுத்தியின் உள்ளீட்டிலுள்ள காப்பு டயோட்கள் இரு பக்கமும் வெட்டத் தொடங்கும். தேர்மிஸ்டரின் அழுத்தம் சரியாக நடுவில் இல்லாதபோது இரு பக்கமும் சமமாக வெட்டப்படுவதில்லை. ஆகவே சராசரியே இடம்பெயர்ந்துவிடும். எத்தனை ஆயிரம் மாதிரிகள் எடுத்தாலும் அது திரும்பி வராது.

மூன்றாவது காந்தப்புலம். மைக்கல் பரடே 1831இல் கண்டுபிடித்த தூண்டல்தான் இங்கேயும் வேலை செய்கிறது: ஒரு வளையத்தில் எழும் அழுத்தம், வளையத்தின் பரப்பையும் காந்தப்புலம் மாறும் வேகத்தையும் பெருக்கி வருவது. இதில் பலர் தவறவிடுவது "வளையம்" என்ற சொல்லை. தடம் மட்டும் வளையம் ஆகாது. மின்னோட்டம் போகும் தடமும் அது திரும்பி வரும் பாதையும் சேர்ந்துதான் வளையம். மோட்டர் கேபிளின் வழியாகச் சென்று கட்டடத்தின் இரும்புச் சட்டம் வழியாகத் திரும்பும் கசிவு மின்னோட்டம் 1 அம்பியர் என்றும், அது 100 நனோநொடியில் எழுகிறது என்றும் வைத்துக்கொண்டால், 10 சென்ரிமீற்றர் தூரத்தில் புலம் 2 மைக்ரோதெஸ்லா, மாறும் வேகம் நொடிக்கு 20 தெஸ்லா. உங்கள் 100 மில்லிமீற்றர் தடத்தின் திரும்பும் பாதை 20 மில்லிமீற்றர் தள்ளி ஓடுகிறது. பரப்பு 2000 சதுர மில்லிமீற்றர், எழும் அழுத்தம் 40 மில்லிவோல்ற். அதே தடத்துக்கு நேர் கீழே, 1.6 மில்லிமீற்றர் பலகையின் மறுபக்கத்தில் முழுச் செம்புத் தளம் இருந்தால் பரப்பு 160 சதுர மில்லிமீற்றருக்குச் சுருங்கும், அழுத்தம் 3.2 மில்லிவோல்ற்றுக்கு இறங்கும். உயர் மீடிறன் மின்னோட்டம் தளத்தில் பரந்து ஓடுவதில்லை. தடத்துக்கு நேர் கீழே, அதன் நிழல் போல ஒட்டிக்கொண்டு திரும்பும். அதனால்தான் அந்தத் தளத்தின் குறுக்கே வேறொரு தடத்துக்காக வெட்டிய ஒரு கோடுகூடக் கெடுதி செய்கிறது. மின்னோட்டம் அந்த வெட்டைச் சுற்றிப் போக வேண்டிவரும்போது, சுற்றிய அளவு முழுவதும் வளையத்தின் பரப்பில் சேர்ந்துவிடுகிறது. உங்கள் படத்தில் கீழ்ப்பக்கச் செம்பை இரண்டாகப் பிளந்து ஓடும் ரிலேத் தடத்தைப் பாருங்கள். இரண்டு தேர்மிஸ்டர் தடங்களும் அதைக் கடந்துதான் போகின்றன.

இதே பெருக்கலைக் கேபிளுக்கும் போடுங்கள். 5 மீற்றர் நீளத்தில் இரண்டு கம்பிகளும் சராசரியாக 3 மில்லிமீற்றர் விலகி ஓடினால் பரப்பு 15000 சதுர மில்லிமீற்றர், அழுத்தம் 300 மில்லிவோல்ற். பலகையின் தடத்தில் 3 வரும் இடத்தில் கேபிளில் 300 வருகிறது. கேபிளைக் கணக்கில் சேர்க்காத எந்தக் கணிப்பும் பலகைக்கு மட்டும் சொன்ன சமாதானமாகவே இருக்கும். முறுக்கிய சோடிக் கம்பிகளில் அடுத்தடுத்த முறுக்குகள் எதிரெதிர்த் திசையில் அழுத்தம் எழுப்பி ஒன்றையொன்று அழிப்பதால், விலை அதிகமில்லாமல் இது பெருமளவு தீர்ந்துவிடும்.

கசிவு மின்னோட்டம் 1 அம்பியர் என்பது நான் எடுத்துக்கொண்ட எண். மோட்டர் கேபிள் நீளமானால் அது சில அம்பியர்களாகவும் இருக்கலாம். இங்கேதான் ஊகிப்பதை விட்டுவிட்டு அளக்க வேண்டும், அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தடித்த செம்புக் கம்பியை 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒற்றை வளையமாக வளைத்து, தொலைக்காட்சி அன்ரெனாவுக்குப் பாவிக்கும் ஓரச்சுக் கேபிளின் நுனியில் பற்றவைத்து, மறுமுனையை அலைகாட்டியில் இணையுங்கள். அந்த வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 2000 சதுர மில்லிமீற்றர், அதாவது தளமில்லாத உங்கள் தடத்தின் வளையத்துக்குச் சமம். பலகை வரப்போகும் இடத்தில் அதைப் பிடித்துப் பல திசைகளில் திருப்பினால், அலைகாட்டியில் தெரியும் உச்சம் உங்கள் தடத்தில் எழவிருக்கும் அழுத்தமேதான். 1.6 மில்லிமீற்றர் தளம் போட்டால் அதை 12.5ஆல் வகுங்கள், தடத்துக்கும் தளத்துக்கும் இடையில் 0.2 மில்லிமீற்றர் உள்ள நான்கு அடுக்குப் பலகை என்றால் 100ஆல் வகுங்கள். பலகை பிறக்குமுன்னே அது வாழப்போகும் இடத்தை இப்படி அளந்துவிடலாம். எனக்குத் தெரிந்த கணிப்பு முறைகளில் நான் மிகவும் நம்புவது இதைத்தான்.

இனி மோடம். மலையகத்தில் இதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஜி.எஸ்.எம். முறையில் கோபுரம் நன்றாகக் கேட்டால் மோடம் தன் வலுவைக் குறைத்துக்கொள்ளும், சரியாகக் கேட்காவிட்டால் கூட்டும். 900 மெகாஹேர்ட்ஸில் அதன் உச்சம் 2 வாட், மிகக் குறைந்தது ஏறத்தாழ 3 மில்லிவாட். கோபுரம் தெரியும் ஹட்டன் வீட்டில் அது மெல்லப் பேசியிருக்கும். மலைமுகட்டுக்குப் பின்னால், பள்ளத்தில், தகரக் கூரையும் தகரச் சுவரும் கொண்ட ஸ்டோருக்குள் அது முழுக்குரலில் கத்துகிறது. வலுவில் 600 மடங்குக்கு மேல், புலத்தில் 25 மடங்கு வித்தியாசம். வீட்டில் சரியாக இருந்த பலகை ஸ்டோரில் கெட்டதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

புலத்தின் அளவைக் கணக்கிட, வாட்டின் வர்க்கமூலத்தை 5.5ஆல் பெருக்கி மீற்றரில் தூரத்தால் வகுங்கள். மீற்றருக்கு இத்தனை வோல்ற் என்று விடை வரும். 2 வாட் மோடம் 10 சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 77 வோல்ற். ஒப்பிட்டுப் பார்க்க: பீதுருதாலகால உச்சியில், 2524 மீற்றர் உயரத்தில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்பதால் நுவரெலியாப் பக்கத்தில் கருவி ஏதாவது பிழைத்தால் அதன் மேல் பழி போடும் வழக்கம் உண்டு. ஒரு கோபுரம் உங்கள் திசையில் 10 கிலோவாட்டுக்கு ஈடாக வீசுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 10 கிலோமீற்றர் தூரத்தில் அதே கணக்கு மீற்றருக்கு 0.055 வோல்ற் தான் தருகிறது. உங்கள் பலகையிலேயே பற்றவைத்திருக்கும் மோடம் அதைவிட 1400 மடங்கு வலிமையான புலத்தைப் போடுகிறது.

77 வோல்ற் புலம் தடத்தில் என்ன செய்யும்? பரடேயின் அதே பெருக்கல்தான். புலத்தை ஒளியின் வேகத்தால் வகுத்துக் காந்தப்புலமாக்கி, அதை மீடிறனின் 6.28 மடங்காலும் வளையத்தின் பரப்பாலும் பெருக்குங்கள். 900 மெகாஹேர்ட்ஸில், தளத்துக்கு 1.6 மில்லிமீற்றர் மேலே ஓடும் 30 மில்லிமீற்றர் தடத்துக்கு 70 மில்லிவோல்ற் வரும். செம்புத் தளத்தில் பட்டுத் திரும்பும் அலை காந்தப்புலத்தை இரட்டிக்கக்கூடும் என்பதால் 140 என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த எளிய பெருக்கல் தடத்தின் நீளம் அலைநீளத்தின் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரைதான் உண்மையில் செல்லும். எஃப்.ஆர்.4 என்னும் வழமையான கண்ணாடியிழைப் பலகையின் மேற்பரப்பில் 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர். ஆகவே 30 மில்லிமீற்றர் தடத்துக்கே இது எல்லையைச் சற்றுத் தாண்டிவிட்டது.

அதற்கு மேல் நீண்ட தடங்களுக்குத்தான் புலம் பட்ட கடத்துகோட்டின் கோட்பாடு, அதாவது தடத்தை அலை ஓடும் நீண்ட கோடாகக் கொள்ளும் கணக்கு, வருகிறது. டெய்லர், சாட்டர்வைட், ஹாரிசன் ஆகிய மூவரும் 1965இல் அதை முதலில் சமன்பாடுகளாக எழுதினார்கள். தடத்தைச் சிறுசிறு துண்டுகளாக எடுத்து, காந்தப்புலம் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறிய அழுத்த மூலத்தையும் மின்புலம் ஒரு சிறிய மின்னோட்ட மூலத்தையும் வைப்பதாகக் கொண்டு, அவை எல்லாம் இரு முனைகளுக்கும் வந்து சேரும்போது அவத்தையோடு கூட்டுவது அவர்களுடைய வழி. அகர்வால், பிரைஸ், குர்பக்சானி 1980இல் மின்புலத்தை மட்டும் வைத்தும், ரச்சிடி 1993இல் காந்தப்புலத்தை மட்டும் வைத்தும் அதே விடைக்கு வந்தார்கள். மூன்றும் சமம், எதைப் பாவித்தாலும் முனையில் கிடைக்கும் அழுத்தம் ஒன்றே. கணக்கு வசதிக்குத் தகுந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சமன்பாடுகளைத் தீர்க்காதவர்களுக்கும் பயன்படும் ஒன்று அவற்றிலிருந்து கிடைக்கிறது. இரு முனைகளும் தகுந்த தடையோடு முடிக்கப்பட்டிருந்தால், தடம் அலைநீளத்தின் அரைப் பங்கைத் தாண்டிய பிறகு, துண்டுகள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்குவதால் நீளம் கூடினாலும் அழுத்தத்தின் உச்சம் கூடுவதில்லை. புலத்தையும் தளத்துக்கு மேல் தடத்தின் உயரத்தையும் பெருக்கி வருவதன் ஓரிரு மடங்கில் அது நின்றுவிடும். 77 வோல்ற்றையும் 1.6 மில்லிமீற்றரையும் பெருக்கி இரட்டித்தால் 250 மில்லிவோல்ற். அந்த உயரமும் புலமும் உள்ள எந்தத் தடத்துக்கும் ஏறத்தாழ இதுவே உச்ச எல்லை. உயரத்தை 0.2 மில்லிமீற்றராக்கினால் எல்லா எண்களும் எட்டில் ஒரு பங்காகும். முனைகள் தகுந்தபடி முடிக்கப்படாமல் இருக்கும்போது, நுண்கட்டுப்படுத்தியின் உள்ளீடு போல இரண்டு பக்கமும் உயர்ந்த தடை இருந்தால், 9 சென்ரிமீற்றர் அளவான தடம் 900 மெகாஹேர்ட்ஸில் பரிவுக்கு (ஒத்ததிர்வுக்கு) வந்து எல்லையைப் பல மடங்கு தாண்டலாம். உள்ளீட்டருகே சில நூறு ஓம் தொடர்தடை ஒன்று அந்தப் பரிவின் பல்லைப் பிடுங்கிவிடும்.

கேபிளுக்கு மறுபடியும் வருகிறேன். பலகையிலிருந்து வெளியேறும் கம்பி 900 மெகாஹேர்ட்ஸுக்கு ஓர் அன்ரெனாதான். 8 சென்ரிமீற்றர் கம்பியே கால் அலைநீளம். அரை அலை அன்ரெனாவின் திறந்த அழுத்தத்தை அலைநீளத்தை 3.14ஆல் வகுத்துப் புலத்தால் பெருக்கிப் பெறலாம்: மோடத்திலிருந்து 30 சென்ரிமீற்றரில், 26 வோல்ற் புலத்தில், 2.7 வோல்ற். தடத்தின் 140 மில்லிவோல்ற்றோடு ஒப்பிடுங்கள்.

900 மெகாஹேர்ட்ஸை நுண்கட்டுப்படுத்தி எப்படி வெப்பநிலையாக வாசிக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அது அந்த மீடிறனை வாசிப்பதில்லை. சில்லின் உள்ளீட்டிலுள்ள அரைகடத்திச் சந்திகள் நேரல்லாத நடத்தை கொண்டவை என்பதால் உயர் மீடிறனை நேராக்கி ஒரு சிறிய நிலையான அழுத்தமாக மாற்றிவிடுகின்றன. ஜி.எஸ்.எம். மோடம் 577 மைக்ரோநொடி பேசி, 4.6 மில்லிநொடிக்கு ஒரு தடவை திரும்பவும் பேசுவதால், நொடிக்கு 217 தடவை அந்த அழுத்தம் தோன்றி மறைகிறது. வானொலிப் பெட்டியின் அருகே கைப்பேசி வைத்தபோது கேட்ட கறகறப்பு நினைவிருக்கும். உங்கள் தேர்மிஸ்டர் கேட்பதும் அதைத்தான். இதில் ஒரு நன்மை உண்டு: சிறிய குறுக்கீடுகளுக்கு, நேராக்கப்பட்டு வரும் பிழை குறுக்கீட்டின் வர்க்கத்துக்கு விகிதசமம். குறுக்கீட்டைப் பாதியாக்கினால் பிழை காலாகும், பத்தில் ஒன்றாக்கினால் நூறில் ஒன்றாகும். எனவே இந்தப் பாதையில் செய்யும் சிறு திருத்தமும் வீண்போகாது.

அதற்குரிய கொள்ளளவியை எடுக்கும்போது "பெரியது நல்லது" என்று எண்ண வேண்டாம். 10 நனோபரட் கொள்ளளவிக்கும் அதன் இணைப்புக்கும் சேர்த்து 1 நனோஹென்றி தூண்டல் இருந்தால், 50 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் அது கொள்ளளவியாக நடப்பதில்லை, வெறும் கம்பித் துண்டாக நடக்கும். அதே 1 நனோஹென்றியோடு 33 பிக்கோபரட் கொள்ளளவி 876 மெகாஹேர்ட்ஸில் பரிவுக்கு வந்து, மோடத்தின் மீடிறனுக்கு ஏறத்தாழ நேர்வழியாகக் கிரவுண்டுக்கு இறக்கிவிடும். கைப்பேசிகளின் ஒலித்தடங்களில் 33 பிக்கோபரட்டை அடிக்கடி காண்பதன் காரணம் இதுதான். வி.எஸ்.டி.க்காக 10 நனோபரட்டையும் மோடத்துக்காக 33 பிக்கோபரட்டையும் சேர்த்து வையுங்கள். சிறியது சில்லின் காலுக்கு மிக அருகில் இருக்கட்டும்.

பலகைக்குள்ளேயே ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குக் கசிவது உங்கள் வேகத்தில் சிறிய விடயம். தடங்களுக்கு இடையிலான தூரத்தைத் தளத்துக்கு மேல் உள்ள உயரத்தால் வகுத்து வர்க்கமாக்கி, 1ஐக் கூட்டி, தலைகீழாக்கினால் கசிவின் உச்சப் பங்கு கிடைக்கும். உயரம் 1.6, இடைவெளியும் 1.6 என்றால் பாதி, உயரம் 0.2 என்றால் 1.5 சதவீதம். ரிலேத் தடத்தைத் தேர்மிஸ்டர் தடத்தோடு ஒட்டி ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கணினியில் முழுப்புலத்தையும் உருவகிக்கலாமே என்பது நியாயமான கேள்வி. வெளியையும் நேரத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்து மக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையைக் கேன் யீ 1966இல் முன்வைத்தார். அதைப் பாவிக்கும் ஓப்பன்இ.எம்.எஸ். போன்ற மென்பொருள்கள் இன்று இலவசம். பலகை வரையும் மென்பொருளான கிகாட்டில் வரைந்த பலகையை அதற்குள் கொண்டுபோகவும் முடியும். நானும் பாவிக்கிறேன், ஆனால் கையால் கணக்கிட்டு முடித்த பிறகுதான். கணினிப் பெட்டிக்குள் பலகை மட்டும் இருக்கும். 5 மீற்றர் கேபிளும், ஸ்டோரின் இரும்புத் தூண்களும், அலைகளை மறுபடி மறுபடி தெறிக்கவைக்கும் தகரச் சுவர்களும் இருக்காது. நான்கு தசம இடங்களுக்கு வரும் அதன் விடை, அந்தத் தூண்களையும் சுவர்களையும் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தளத்தின் வெட்டு எவ்வளவு கெடுக்கிறது, காப்புப் பெட்டியின் துளை எவ்வளவு விடுகிறது என்பன போன்ற ஒப்பீட்டுக் கேள்விகளுக்கு அது அருமையான கருவி. என் அனுபவத்தில், வடிவம் சரியாகத் தெரிந்த தடத்துக்குக் கைக்கணக்கு இரண்டு மடங்குக்குள் சரியாக வரும். கேபிள் சேர்ந்தால் பத்து மடங்கு விலகினாலும் வியப்பதற்கில்லை. ஆகவே கேபிள் உள்ள பாதைகளுக்கு எப்போதும் பத்து மடங்கு இடம் விட்டு வடிவமையுங்கள்.

எந்தப் புலத்துக்கு வடிவமைப்பது என்று தீர்மானிக்கச் சர்வதேசத் தரங்கள் உதவும். ஐ.ஈ.சி. 61000-4-3 என்னும் தரப்படி நடத்தும் கதிர்ப்புப் புலச் சோதனையில், தொழிற்சாலைச் சூழலுக்கு மீற்றருக்கு 10 வோல்ற் என்பது வழமையான அளவு. மோடம் 10 சென்ரிமீற்றரில் இருக்கும் உங்கள் பலகைக்கு அந்த அளவு போதாது, 77ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மலையில் விழும் இடிக்கும் அதே பரடே கணக்குத்தான். 100 மீற்றர் தள்ளி 30 கிலோஅம்பியர் 5 மைக்ரோநொடியில் எழுந்தால் நொடிக்கு 12 தெஸ்லா. மின்வழங்கல் கேபிள் ஒரு பக்கச் சுவரிலும் உணரிக் கேபிள் மறுபக்கச் சுவரிலும் ஓடி 10 சதுர மீற்றர் வளையத்தை உண்டாக்கினால் 120 வோல்ற். இரண்டையும் ஒரே பாதையில், ஆனால் ஒரு சாண் இடைவெளி விட்டு ஓட்டினால் இந்த வளையமே பெருமளவு சுருங்கிவிடும்.

இப்போது கையிலிருக்கும் பலகையை எறிய வேண்டாம். மோடத்தின் கிரவுண்டைத் தடித்த கம்பியால் மின்வழங்கலின் கொள்ளளவிக்கே நேராகக் கொண்டுபோய், பழைய மெல்லிய தடத்தை வெட்டுங்கள். தேர்மிஸ்டர் உள்ளீடுகள் இரண்டிலும் சில்லின் காலடியில் 33 பிக்கோபரட்டையும் 10 நனோபரட்டையும் பற்றவையுங்கள். கேபிளை முறுக்கிய சோடியாக மாற்றி மோட்டர் கேபிளிலிருந்து பிரியுங்கள். மோடத்தின் அன்ரெனாவைக் கம்பி நீட்டித் தகரச் சுவருக்கு வெளியே கொண்டுபோங்கள். பலகையை விட்டு விலகுவதோடு, கோபுரம் நன்றாகக் கேட்கத் தொடங்கினால் மோடமும் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஒவ்வொன்றையும் செய்த பிறகு, அடுத்ததைத் தொடுமுன், மின்விசிறி ஓடும்போது பத்து நிமிடமும் நிற்கும்போது பத்து நிமிடமும் எண்களைப் பதிந்து வையுங்கள். வளையத்தால் அளந்த அழுத்தத்தையும் அந்தப் பதிவுகளையும் அனுப்பினால், அடுத்த பலகைக்கு நான்கு அடுக்கு தேவையா, இரண்டு அடுக்கே போதுமா என்று சேர்ந்து கணக்கிட்டுச் சொல்கிறேன்.